மாத்திரை எப்போது கேட்கும்?

மனப் பதற்றத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும், அவர்கள் வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

ஒரே மாத்திரை. ஒரே அளவு. ஒரே டாக்டர் எழுதிக் கொடுத்தது.

ஒருவர் அதை அதிகாலையில் வெறும் வயிற்றில் விழுங்கினார். முக்கால் மணி நேரத்துக்குள் படபடப்பு தணிந்துவிட்டது.

இன்னொருவர் கல்யாண வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு அதே மாத்திரையை விழுங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் தெரியவில்லை.

"இது போலி மாத்திரை போலிருக்கிறது" என்று அவர் நினைத்தால், அது தவறு.

"எனக்கு ஒன்று போதாது" என்று இன்னொன்றை எடுத்து விழுங்கினால், அது வெறும் தவறு அல்ல. ஆபத்து!

மாத்திரையில் வித்தியாசம் இல்லை. அது போன பாதையில்தான் வித்தியாசம்.

அந்தப் பாதையைத் தெரிந்துகொண்டால், மருந்து வேலை செய்யும் வரை பொறுமையோடு இருக்கலாம். பொறுமை இருந்தால் பாதி ஆபத்து குறையும். அதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

பயம் எப்போது வியாதி ஆகிறது?

பயம் எல்லோருக்கும் உண்டு. பரீட்சைக்குப் போகிற பையனுக்குக் கை வியர்க்கிறது. மேடை ஏறுகிறவருக்கு நாக்கு உலர்கிறது. இது வியாதி அல்ல. காரியம் முடிந்ததும் பயமும் போய்விடும்.

சிலருக்குக் காரணம் இல்லாமலே பயம் வருகிறது. வந்த பயம் போவதில்லை. தூக்கம் கெடுகிறது. சோறு இறங்குவதில்லை. வேலைக்குப் போக முடிவதில்லை. மாதக் கணக்கில் இப்படி இருந்தால், அது வியாதி.

இது பைத்தியம் அல்ல. வெட்கப்பட வேண்டிய விஷயமும் அல்ல. சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வைத்தியம் செய்துகொள்வது போல, இதற்கும் வைத்தியம் செய்துகொள்ளலாம்.

இதற்குக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, சில நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ வேலை செய்யும். இன்னொரு வகைக்கு வாரக் கணக்கில் நாள் பிடிக்கும்.

முதல் வகை பிறந்த கதையே ஒரு வேடிக்கைக் கதை!

குப்பைக்குப் போக இருந்த மருந்து

லியோ ஸ்டெர்ன்பாக் என்று ஒரு ரசாயன விஞ்ஞானி இருந்தார். 1908-ல் பிறந்தவர். யூத இனத்தவர். ஐரோப்பாவில் ஹிட்லரின் கொடுமை தலைவிரித்து ஆடிய காலம் அது. 1941-ல் அவர் சுவிட்சர்லாந்தை விட்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நியூஜெர்சி மாகாணத்தில் நட்லி என்று ஓர் ஊர். அங்கே ரோச் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை.

1955-ல் மெப்ரோபமேட் என்ற மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மனதை அமைதிப்படுத்தும் அந்த மருந்து சக்கைப்போடு போட்டது. "நாமும் அப்படி ஒன்று கண்டுபிடிக்க வேண்டும்" என்று மற்ற கம்பெனிகளும் முனைந்தன.

ஸ்டெர்ன்பாக்கும் பல பொருள்களைத் தயாரித்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. "இதை விட்டுவிடும். வேறு வேலையைப் பாரும்" என்று மேலிடத்து உத்தரவு வந்தது.

1957-ல் ஒரு நாள், ஆராய்ச்சிக்கூடத்து மேஜைகளைச் சுத்தம் செய்தார்கள். அப்போது சோதனை செய்யாமல் விட்டுப்போன ஒரு பொருள், ஏர்ல் ரீடர் என்ற சக ஊழியரின் கண்ணில் பட்டது. வீசி எறியாமல் அதையும் சோதனைக்கு அனுப்பினார்கள்.

அதைக் கொடுத்த மிருகங்களின் தசைகள் தளர்ந்தன. பரபரப்பு அடங்கியது. ஆனால் அவை மயங்கி விழவில்லை. விழித்தபடியே சாந்தமாக இருந்தன!

அந்தப் பொருள் 1960-ல் 'லிப்ரியம்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதன் தம்பி 1963-ல் வந்தது. அதுதான் உலகப் புகழ் பெற்ற 'வாலியம்'. அதன் மருந்துப் பெயர் டயஸிபாம். 1978-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 230 கோடி வாலியம் மாத்திரைகள் விற்றன.

ஸ்டெர்ன்பாக் 97 வயது வரை வாழ்ந்து, 2005-ல் காலமானார். அவருடைய மருந்துக் குடும்பம் இன்று பெரிய குடும்பம். லோரஸிபாம், அல்பிரஸோலாம், குளோனஸிபாம், மிடஸோலாம் எல்லாம் அந்த வம்சத்தில் வந்தவைதான்.

மூளைக்கு உள்ளே ஒரு பிரேக்

இவை எப்படி வேலை செய்கின்றன?

நம் மூளையில் 'காபா' என்று ஒரு பொருள் சுரக்கிறது. இது மூளைக்கு பிரேக் மாதிரி. நரம்புகள் அளவுக்கு மீறி ஓடும்போது, இது பிடித்து நிறுத்துகிறது.

டயஸிபாம் வகை மருந்துகள் தாமாக பிரேக் போடுவதில்லை. ஏற்கெனவே உள்ள பிரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கின்றன. இந்த மருந்து மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை விஞ்ஞானிகள் 1977-ல் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே மருந்து வயிற்றில் கிடந்தால் பயன் இல்லை. ரத்தத்துக்கு வந்தாலும் போதாது. மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவரை நோயாளி காத்திருக்கத்தான் வேண்டும்.

வாயிலிருந்து மூளைக்கு

மாத்திரையின் பிரயாணத்தைப் பாருங்கள்.

வாயில் போட்ட மாத்திரை முதலில் இரைப்பைக்குப் போகிறது. அங்கே கரைகிறது. ஆனால் ரத்தத்தில் சேருவது பெரும்பாலும் அங்கே அல்ல. அடுத்து உள்ள சிறுகுடலில்தான். சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். அதன் உட்சுவர் முழுவதும் மடிப்பும் நுண்ணிய விரல்களுமாக இருக்கிறது. மருந்தை உறிஞ்சுவதற்கு அங்கேதான் இடம் அதிகம்.

குடலில் உறிஞ்சிய மருந்து, ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் நம் உடம்பின் சுங்கச்சாவடி. சில மருந்துகளில் பாதிக்கு மேல் அங்கேயே வரியாகப் போய்விடும். விழுங்கிய மிடஸோலாம் இப்படித்தான் பெருமளவு குறைந்துவிடுகிறது. டயஸிபாம் அப்படி அல்ல. விழுங்கியதில் 100-க்கு 90 பங்குக்கு மேல் ரத்தத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

பிறகு இருதயம். இருதயத்திலிருந்து மூளை.

மூளையின் வாசலில் கடைசிக் காவல் இருக்கிறது. கண்ட பொருளும் உள்ளே வராதபடி, மூளையின் ரத்தக் குழாய்களின் சுவர் நெருக்கமாக அமைந்திருக்கிறது. கொழுப்பில் எளிதாகக் கரையும் மருந்துக்கு அங்கே வழி கிடைக்கும். டயஸிபாம் அப்படிப்பட்டது. காவலைத் தாண்டி விறுவிறு என்று உள்ளே போய்விடும். லோரஸிபாம் கொஞ்சம் நிதானம்.

காலி வயிறும் நிறைந்த வயிறும்

இந்தப் பிரயாணத்தில் அதிகமாகத் தாமதம் ஏற்படும் இடம் இரைப்பைதான்.

இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அது ரயில்வே கேட் மாதிரி. வயிறு காலியாக இருந்தால், மாத்திரை தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் கதவைத் தாண்டிவிடும். வயிறு நிறையச் சோறு இருந்தால், இரைப்பை அதை அரைத்துக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். நெய்யும் எண்ணெயும் அதிகம் சேர்ந்த சாப்பாடு என்றால் இன்னும் தாமதம். கேட் சாத்தியிருந்தால் மோட்டார் கார் ஆனாலும் நிற்க வேண்டியதுதானே?

டயஸிபாம் மருந்தை வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

வெறும் வயிற்றில் விழுங்கினால், சுமார் 15 நிமிடத்தில் மருந்து ரத்தத்தில் சேரத் தொடங்குகிறது. சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் உச்ச அளவுக்கு வருகிறது.

ஓரளவு கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால், ரத்தத்தில் சேரத் தொடங்கவே சுமார் 45 நிமிடம் ஆகிறது. உச்ச அளவுக்கு வர சுமார் இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த உச்சமும் 100-க்கு 20 பங்கு குறைந்துவிடுகிறது.

பார்த்தீர்களா? ஒரே மாத்திரைக்கு ஒன்றேகால் மணி நேரம் எங்கே, இரண்டரை மணி நேரம் எங்கே!

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற சில ஜீரண மருந்துகளும் இதே தாமதத்தைச் செய்யும். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அந்த மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டால், டயஸிபாம் ரத்தத்தில் சேரும் வேகம் குறைகிறது.

இன்னொரு விஷயம். பயமும் பதற்றமும் இரைப்பையின் வேலையையே மந்தமாக்கும். பயம் அதிகமாக இருக்கும்போதுதான் மருந்து சீக்கிரம் வேண்டும். அப்போதுதான் வயிறு மெதுவாக வேலை செய்கிறது. இதுதான் இயற்கையின் விளையாட்டு!

இதைப் படித்துவிட்டு, "இனிமேல் நான் பட்டினி இருந்து மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னபடி தினமும் ஒரே மாதிரி சாப்பிடுவதே முக்கியம்.

இரண்டாவது மாத்திரை

விபத்து நடப்பது இங்கேதான்.

இரவு எட்டு மணிக்கு ஒருவர் வயிறாரச் சாப்பிடுகிறார். உடனே ஒரு மாத்திரை விழுங்குகிறார். எட்டரை மணிக்கும் படபடப்பு அடங்கவில்லை. இன்னொன்று போடுகிறார். ஒன்பது மணிக்கும் நிம்மதி இல்லை. மூன்றாவதும் உள்ளே போகிறது.

மூன்றும் எங்கே இருக்கின்றன? சோற்றோடு சோறாக இரைப்பையில்!

பத்தரை மணி சுமாருக்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தத்துக்கு வந்துவிடும். இவர் கேட்டதோ கொஞ்சம் நிம்மதி. கிடைப்பதோ தள்ளாட்டம். நடுராத்திரி எழுந்து நடந்தால் கீழே விழலாம். வயதானவராக இருந்தால் இடுப்பு எலும்பு முறியும். விடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறினால் எதிரே வருவது சரியாகத் தெரியாது.

இதோடு மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மதுவும் இந்த மாத்திரையும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டும் சேர்ந்து மூளையை அழுத்தினால் மூச்சே நின்றுபோகலாம். மார்பின் போன்ற கடுமையான வலி மருந்துகளோடு சேர்ந்தாலும் இதே ஆபத்து. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, இப்படிச் சேர்த்துச் சாப்பிடும் ஆபத்தைப் பற்றி 2016-ல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மாத்திரை விஷயத்தில் அது முற்றிலும் உண்மை.

ஊசி போட்டால் சீக்கிரம் கேட்குமா?

"மாத்திரை எதற்கு? ஓர் ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்" என்று கேட்கிறவர்கள் நம்மில் அதிகம். ஊசிதான் சட்டென்று கேட்கும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை.

எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது!

ஊசியிலும் இரண்டு வழி உண்டு. ரத்தக் குழாயில் நேராகப் போடுவது ஒன்று. சதையில் போடுவது மற்றொன்று.

ரத்தக் குழாயில் போட்டால் டயஸிபாம் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் மூளையில் வேலை செய்யத் தொடங்கும். வலிப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் வேகத்தோடு ஆபத்தும் வருகிறது. மூச்சு குறைந்துவிடலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டு, மெதுவாகப் போடுகிறார்கள்.

சதையில் போட்டால் என்ன ஆகும்? டயஸிபாம் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து. வேறு ஒரு திரவத்தில் கரைத்துத்தான் ஊசி மருந்தாக்குகிறார்கள். சதைக்குள் போனதும் அது அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்கு இல்லாமல் ரத்தத்தில் சேருகிறது. இடுப்புச் சதையில் போட்ட ஊசியைவிட, வாயால் விழுங்கிய மாத்திரை முந்திவிடுவதும் உண்டு!

மிடஸோலாம் வேறு மாதிரி. அதன் ஊசி மருந்து தண்ணீரில் கரைந்தது. ஆகவே சதையில் போட்டாலும் சீக்கிரம் ரத்தத்துக்கு வருகிறது. குழந்தைகளுக்கு வலிப்பு வந்தால் மூக்கில் பீச்சிவிடும் மருந்தும் இதுவே. மூக்கின் வழியாகப் போகும் மருந்து, குடலையும் கல்லீரலையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஆகவே, எந்த மருந்துக்கு எந்த வழி என்பதை டாக்டரிடம் விட்டுவிடுவதே நல்லது.

நாக்கின் அடியில் வைத்தால்?

நெஞ்சு வலிக்காரர்கள் நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் அது வேலை செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பதற்ற மாத்திரையையும் நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

லோரஸிபாம் மாத்திரையை இப்படியும் அப்படியும் கொடுத்து 1982-ல் சோதித்துப் பார்த்தார்கள். விழுங்கியவர்களுக்கும், நாக்கின் அடியில் வைத்தவர்களுக்கும், மருந்து உச்ச அளவுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலேதான் ஆயிற்று. பெரிய வித்தியாசம் இல்லை.

நாக்கில் வைத்ததும் கரைகிற மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன. மாத்திரை கரைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் கரைந்த மருந்தின் பெரும் பகுதி எச்சிலோடு வயிற்றுக்குத்தான் போகிறது. விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அது வசதி. வேகத்துக்காக ஏற்பட்டது அல்ல.

நசுக்கிச் சாப்பிடலாமா?

சில மாத்திரைகளை நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்து கசியும்படி செய்திருக்கிறார்கள். அல்பிரஸோலாமில் அப்படி ஒரு வகை உண்டு. அதை நசுக்கினாலோ மென்றாலோ, நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரேயடியாக வெளியே வந்துவிடும். அணையை உடைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது அது. பயிரும் மூழ்கிவிடும்!

டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்காமல் எந்த மாத்திரையையும் நசுக்கக் கூடாது.

எந்தப் பக்கம் படுப்பது?

இது சிரிக்கிற விஷயம் போலத் தோன்றும். ஆனால் விஞ்ஞானிகள் இதையும் விடவில்லை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை விஞ்ஞானிகள், கம்ப்யூட்டருக்குள் ஒரு செயற்கை இரைப்பையை உருவாக்கினார்கள். அதில் ஒரு மாத்திரையைக் கரைய விட்டுக் கணக்குப் போட்டார்கள். முடிவை 2022-ல் வெளியிட்டார்கள்.

வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் மாத்திரை கரைய 10 நிமிடம். நிமிர்ந்து இருந்தால் 23 நிமிடம். இடப்பக்கம் படுத்தால் 100 நிமிடத்துக்கு மேல்!

காரணம் எளியது. இரைப்பையின் வாசல் வலப்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் மாத்திரை தானாக வாசலுக்கு உருண்டுவிடும்.

இது கம்ப்யூட்டர் கணக்கு. எல்லா மாத்திரைக்கும் எல்லா மனிதருக்கும் இதே நிமிடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இருக்கும் நிலையும் கணக்கில் சேரும் என்பது தெரிகிறது.

ஒன்று கவனம். படுத்துக்கொண்டே மாத்திரையை விழுங்கக் கூடாது. தண்ணீர் இல்லாமலும் விழுங்கக் கூடாது. மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

சீக்கிரம் வருகிற மருந்து சீக்கிரம் போய்விடுமா?

போகாது!

டயஸிபாம் வேகமாக மூளைக்கு வருகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து நகர்ந்து உடம்பின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. "மருந்து தீர்ந்துவிட்டது" என்று நோயாளி நினைக்கிறார். ஆனால் அது உடம்பில்தான் இருக்கிறது.

இளைஞருக்கு, ரத்தத்தில் உள்ள டயஸிபாம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. வயது ஏற ஏற, ஆண்டுக்கு ஒரு மணி நேரம் வீதம் இது கூடுகிறது. 70 வயதுப் பாட்டிக்குச் சுமார் 70 மணி நேரம்! அதாவது மூன்று நாள் ஆனாலும் பாதி மருந்து உடம்பில் இருக்கும்.

பேரனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். நேற்றைய மருந்தின் மேல் இன்றைய மருந்து சேரும். பாட்டி பகலில் தூங்கி விழுவார். பேச்சு குழறும். "வயசாகிவிட்டது" என்று வீட்டார் நினைப்பார்கள். வயது அல்ல, மாத்திரை!

வாரக் கணக்கில் வேலை செய்யும் மருந்து

இனி இரண்டாவது வகை.

செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகள் இந்த வகை. நாட்பட்ட பதற்றத்துக்கு இன்று டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது இவற்றைத்தான். இவை ரத்தத்தில் சேர சில மணி நேரம் போதும். ஆனால் மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும்.

முதல் வாரத்தில் சிலருக்குப் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எட்டாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். விதை போட்டு எட்டாம் நாள், மண்ணைத் தோண்டிப் பார்ப்பது போன்றது இது. சந்தேகம் இருந்தால் மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்பது போன்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

புஸ்பிரோன் என்று ஒரு மருந்து. இதுவும் மெதுவாக வேலை செய்வதுதான். சாப்பாட்டோடு சாப்பிட்டால் இந்த மருந்து ரத்தத்தில் அதிகமாகச் சேருகிறது. ஆகவே தினமும் சாப்பாட்டோடு என்றால் தினமும் சாப்பாட்டோடு. வெறும் வயிறு என்றால் தினமும் வெறும் வயிறு. நாளுக்கு ஒரு விதமாக மாற்றக் கூடாது.

மாத்திரை வருமுன் பயம் போய்விடும்!

திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. "செத்துப்போய்விடுவேன்" என்று தோன்றுகிறது. இதைப் பீதித் தாக்குதல் என்பார்கள்.

இந்தத் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். பிறகு தானாகவே இறங்கிவிடும்.

மாத்திரையோ, வெறும் வயிற்றில் போட்டால்கூட 15 நிமிடத்துக்குப் பிறகுதான் ரத்தத்தில் சேரவே தொடங்குகிறது. அப்படியானால் ஐந்தாம் நிமிடத்தில் குறைந்த பயத்தை எது குறைத்தது? மாத்திரை அல்ல. "மாத்திரை போட்டாகிவிட்டது" என்ற தைரியமும், உடம்பின் சொந்த பிரேக்கும்தான்!

இதைத் தெரிந்துகொள்வதே ஒரு மருந்து. காத்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்துகொண்டு, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். பக்கத்தில் உள்ளவர்கள், "ஒன்றும் இல்லை, சும்மா இரு" என்று அதட்டக் கூடாது. "இது இறங்கிவிடும். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

ஆனால் முதல் தடவையாக நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், பதற்றம்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருதயக் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல

டயஸிபாம் வகை மருந்து பழகிவிடும். நாள்தோறும் சாப்பிட்டு வந்தால், சில வாரங்களிலேயே உடம்பு அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும். நடுக்கம் வரும். வலிப்பும் வரலாம். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இதைப் பற்றியும் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஆகவே நிறுத்துவதானாலும், டாக்டர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் டயஸிபாம், அல்பிரஸோலாம் முதலிய மருந்துகளுக்குத் தனிச் சட்ட விதி 2014 மார்ச் முதல் அமுலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. யார் எழுதிக் கொடுத்தது, யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறார்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மருந்துச் சீட்டை வாங்கியதும் எழுந்து வந்துவிடாதீர்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இது உடனே கேட்கும் மருந்தா, வாரக் கணக்கில் கேட்கும் மருந்தா?

2. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

3. கேட்கவில்லை என்று தோன்றினால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் போகக் கூடாது?

4. நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது சேருமா?

5. எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? எப்படி நிறுத்த வேண்டும்?

பதில்களை ஒரு காகிதத்தில் எழுதி, மாத்திரைப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். மாத்திரை விழுங்கிய நேரத்தையும் அதிலேயே குறித்து வையுங்கள். பதற்றத்தில் இருக்கிறவருக்குப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். காகிதத்தில் எழுதிய நேரம் அப்படி மாறாது. கடிகாரத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசாங்கம் 2022-ல் ஏற்படுத்திய 'டெலி மனாஸ்' சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

வீட்டில் மூத்தவர்கள் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், இன்றைக்கே அந்தப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். எத்தனை மாத்திரை வாங்கியது, எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால் கோபிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். அந்த விசாரிப்பு ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.